பிரிட்டன் பிரதமரே விதியை மீறினால் யார் கேட்பது?

ஒரு நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தை ஐந்து வாரத்துக்கு மூடிவைக்கிறார். அப்படிச் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை. அப்படின்னா அவர் செய்தது சரியா? தப்பு என்றால், யாரிடம் போய்ச் சொல்வது?

2019ஆம் ஆண்டு பிரிட்டனில் எழுந்த கேள்வி இது. பதில் சொன்னவர்கள் 11 நீதிபதிகள். அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அது சரியா தப்பா என்று வழக்கறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். லண்டன் அரசியல் நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். நம்ம நாடாளுமன்ற முறையே அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் எழுதாமல் விட்டதில் ஒரு பகுதியை நாம் எழுதிவைத்துக்கொண்டோம். மிச்சம் இருப்பதில் நமக்கும் அதே தலைவலி உண்டு.

புத்தகமே இல்லாத அரசியலமைப்பு

மலேசியாவில் அரசியலமைப்பு என்றால் கையில் எடுத்துக்காட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. 153ஆவது பிரிவு, 121ஆவது பிரிவு என்று எண்ணைச் சொல்லியே விவாதம் பண்ணுவோம். பிரிட்டனில் அப்படி ஒரே புத்தகம் கிடையாது. 1215இன் மேக்னா கார்ட்டா, 1689இன் உரிமைச் சட்டம், 1911இன் நாடாளுமன்றச் சட்டம், 1998இன் மனித உரிமைச் சட்டம் என்று வெவ்வேறு நூற்றாண்டுச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், கூடவே யாரும் சட்டமாக எழுதாத மரபுகள். எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுடைய அரசியலமைப்பு. அதை 'எழுதப்படாத அரசியலமைப்பு' என்று சொல்வது பழக்கம். உண்மையில் பெரும்பகுதி எழுதப்பட்டதுதான். ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

குழப்பம் வருவது அந்த மரபுகளில். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் தரணும். சட்டப்படி அவர் மறுக்கலாம். ஆனால் கடைசியாக மறுத்தவர் ஆன் அரசியார், 1708இல். அதேபோல், பிரதமர் மக்களவை உறுப்பினராக இருக்கணும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டே ஆட்சி நடத்திய கடைசிப் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, 1902இல் பதவி விலகினார். 1963இல் பிரதமரான அலெக் டக்ளஸ்-ஹியூம், தன் பிரபு பட்டத்தையே துறந்துவிட்டு இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்கு வந்தார். யாரும் கோர்ட்டுக்குப் போய் அவரை வற்புறுத்தவில்லை. அப்படித்தான் செய்யணும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் வேறு, மரபு வேறு என்று தெளிவாகக் கோடு போட்டவர் ஏ.வி.டைசி என்ற சட்ட அறிஞர். 1885இல் வந்த அவருடைய நூல்தான் அந்தப் பாடத்துக்கு அடிப்படை. சட்டத்தை மீறினால் நீதிமன்றம் கேட்கும். மரபை மீறினால் நீதிமன்றம் கேட்காது. அப்போ யார் கேட்பா? மக்கள், கட்சி, சக அமைச்சர்கள், எல்லாத்துக்கும் மேலே அவரவர் மானம் மரியாதை. இதற்கு வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னஸி பிரபலமாக்கிய ஒரு பெயர் உண்டு: 'நல்ல மனுஷன் கோட்பாடு'. பதவிக்கு வருகிறவர்கள் நல்ல மனுஷர்கள், எல்லை எது என்று அவர்களுக்கே தெரியும், தாண்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் ஓடுகிறது.

தாண்டினால்?

ஐந்து வாரம்

2019 கோடைக்காலம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டிய கெடு அக்டோபர் 31. ஜூலையில் பிரதமரான போரிஸ் ஜான்சன், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்று வெளியேறியே தீருவோம் என்கிறார். ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதை மக்களவையில் பெரும்பாலானோர் விரும்பவில்லை.

ஆகஸ்ட் 28ஆம் தேதி, ஜேக்கப் ரீஸ்-மாக் உள்ளிட்ட பிரிவி கவுன்சில் உறுப்பினர்கள் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகைக்குப் போய் எலிசபெத் அரசியாரைப் பார்த்தார்கள். பிரதமரின் ஆலோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கும் உத்தரவுக்கு அரசியார் சம்மதம் கொடுத்தார். பிரதமர் ஆலோசனை சொன்னால் அரசியார் ஏற்றுக்கொள்வார் என்பதும் ஒரு மரபுதான். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் மூடி, அக்டோபர் 14ஆம் தேதி திறக்கணும் என்பது உத்தரவு.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்த வாரம் செய்தி எழுதிய எங்களுக்கு இந்தச் செயலைத் தமிழில் என்ன சொல்வது என்பதே பெரிய பாடாகிவிட்டது. 'ஒத்திவைப்பு' என்று போட்டால் பொருள் மாறிவிடும். அவை ஒத்திவைக்கப்பட்டால் குழுக்கள் கூடலாம், அமைச்சர்களிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம், மசோதாக்கள் அப்படியே இருக்கும். எப்போது விடுமுறை எடுப்பது என்பதையும் எம்.பி.க்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கூட்டத்தொடரை முடித்துவைப்பது அப்படி இல்லை. அவையும் கூடாது, குழுவும் கூடாது, கேள்வியும் கேட்க முடியாது, முடியாத மசோதாக்கள் பொதுவாகச் செத்துப்போகும். அதில் எம்.பி.க்களுக்கு ஓட்டே கிடையாது. 'முடக்கம்' என்று போட்டாலோ, பிரதமரின் உள்நோக்கம் பற்றி நாமே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆகிவிடும். வழக்கும் சரியாக அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டு இருந்தது.

அரசாங்கம் சொன்ன காரணமும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2017இல் தொடங்கிய அந்தக் கூட்டத்தொடர் கிட்டத்தட்ட 400 ஆண்டுகளில் மிக நீளமானது. புது அரசாங்கம், புதுத் திட்டங்கள், அரசியாரின் உரையோடு புதுக் கூட்டத்தொடர் தொடங்கணும் என்றார்கள். கூட்டத்தொடரை முடித்துவைப்பது வழக்கமான நடைமுறைதான். வழக்கத்துக்கு மாறாக இருந்தது அதன் நீளமும் நேரமும்.

செப்டம்பர் 10 அதிகாலையில் நாடாளுமன்றம் மூடப்பட்டது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சிலர் 'வாயடைக்கப்பட்டது' என்று எழுதிய அட்டைகளைப் பிடித்தபடி அவையில் நின்றார்கள்.

ஒரே நாளில் இரண்டு பதில்

வழக்கு இரண்டு இடங்களில் நடந்தது. ஸ்காட்லாந்தில் ஜோஅன்னா செர்ரி என்ற எம்.பி.யும் வேறு பலரும் தொடுத்தது ஒன்று. லண்டனில் ஜீனா மில்லர் தொடுத்தது இன்னொன்று. மில்லர் கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பெண். 2017இலேயே பிரெக்சிட் தொடர்பான வேறொரு வழக்கில் அரசாங்கத்தைத் தோற்கடித்தவர்.

செப்டம்பர் 11 அன்று இரண்டு பக்கமிருந்தும் நீதிபதிகளின் விளக்கம் வந்தது. இரண்டும் நேரெதிர். ஸ்காட்லாந்து மேல்முறையீட்டு நீதிபதிகள் மூன்று பேரும், நாடாளுமன்றத்தைத் தடுப்பதுதான் இதன் நோக்கம், எனவே சட்டவிரோதம் என்றார்கள். லண்டனிலோ தலைமை நீதிபதி பர்னட் பிரபு உட்பட மூன்று மூத்த நீதிபதிகள், இது அரசியல் முடிவு, நீதிமன்றம் அளந்துபார்க்க இதில் அளவுகோலே இல்லை என்றார்கள். சட்டம் படித்த பெரிய தலைகளே இப்படிப் பிரிந்து நின்றதை மறந்துவிட வேண்டாம். தீர்ப்பு வந்த பிறகு எல்லாரும் 'இது முன்னாடியே தெரிஞ்சதுதானே' என்று பேசினார்கள். தெரியவே இல்லை.

உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 17 முதல் 19 வரை விசாரித்தது. 24ஆம் தேதி, நம்ம நேரம் மாலை 5.30க்கு, தலைமை நீதிபதி பிரெண்டா ஹேல் தீர்ப்பை வாசித்தார். 11 பேரும் ஒரே முடிவு: கூட்டத்தொடரை முடித்துவைத்தது சட்டவிரோதம். (அவர் அணிந்திருந்த சிலந்தி வடிவ புரோச், தீர்ப்பைவிட வேகமாகப் பரவியது. டீ-சட்டைகூட வந்துவிட்டது.)

மரபை நீதிமன்றம் கேட்காது என்றால் இது எப்படி?

இதுதான் முக்கியமான இடம். நிதானமாகப் பார்ப்போம்.

2017 வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், அரசியல் மரபுகளுக்கு நீதிபதிகள் பெற்றோரும் இல்லை, காவலரும் இல்லை, வெறும் பார்வையாளர்கள்தான் என்று சொல்லியிருந்தது. இரண்டு ஆண்டில் மனசு மாறிவிட்டதா? இல்லை. நீதிபதிகள் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள்.

'பிரதமர் மரபை மீறினாரா, நல்ல மனுஷன் மாதிரி நடந்துகொண்டாரா' என்று அவர்கள் கேட்கவில்லை. 'கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரம் எதுவரை நீளும்' என்று கேட்டார்கள். அந்த அதிகாரம் அரச தனியுரிமை என்ற வகையைச் சேர்ந்தது. நாடாளுமன்றம் கொடுக்காமல், பழைய காலத்தில் மன்னரிடம் இருந்து, இப்போது அமைச்சர்கள் பயன்படுத்தும் அதிகாரம். மன்னருடைய அதிகாரத்துக்கும் சட்டம்தான் எல்லை போடும் என்று 1611லேயே ஒரு வழக்கில் சொல்லியாகிவிட்டது. அரசாங்கத்தின் செயலை நீதிமன்றம் ஆராய்வது புதுசில்லை என்று காட்ட அந்த 400 ஆண்டுப் பழைய வழக்கை நீதிபதிகள் எடுத்து வைத்தார்கள். ஒரு அதிகாரத்துக்கு எல்லை உண்டா, அந்த எல்லை எங்கே என்று சொல்வது நீதிமன்றத்தின் வழக்கமான வேலை.

சரி, எல்லை எங்கே? எழுதிவைத்த எண் எதுவும் இல்லை. எனவே இரண்டு அடிப்படைக் கொள்கைகளிலிருந்து பார்த்தார்கள். ஒன்று, சட்டம் இயற்றும் உச்ச அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. பிரதமர் நினைத்தபோதெல்லாம், நினைத்தவரைக்கும் அதை மூடலாம் என்றால் அந்த உச்ச அதிகாரத்துக்கு அர்த்தமே இல்லை. இரண்டு, அரசாங்கம் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லணும். மூடிய அவைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஆகவே, நியாயமான காரணம் இல்லாமல் நாடாளுமன்றத்தின் வேலையைத் தடுக்கும் விளைவு இருந்தால், அந்த முடித்துவைப்பு அதிகாரத்தின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

'விளைவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்காட்லாந்து நீதிபதிகள் நோக்கத்தைப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் பிரதமரின் மனசுக்குள் போகவே இல்லை. அவர் பொய் சொன்னார் என்றோ அரசியாரை ஏமாற்றினார் என்றோ தீர்ப்பில் இல்லை. கோடை விடுமுறை முடிந்ததற்கும் அக்டோபர் 31க்கும் இடையே கிடைக்கக்கூடிய எட்டு வாரத்தில் ஐந்து வாரம் பறிபோனது என்று கணக்குப் பார்த்தார்கள். பிறகு, ஏன் ஐந்து வாரம் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள்.

அரசாங்கத்திடம் பதில் இல்லை. அதாவது, சத்தியம் செய்து சொல்லும் சாட்சி வாக்குமூலமாக யாரும் ஒரு பதில் தரவில்லை. அதிகாரிகளின் சில குறிப்புகள் மட்டும் இருந்தன. எதிர்த் தரப்பில் வந்து நின்றது யார் தெரியுமா? ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர், முன்னாள் பிரதமர் ஜான் மேஜர். அரசியாரின் உரையைத் தயாரிக்கப் பொதுவாக நாலிலிருந்து ஆறு நாள் போதும் என்று தன் அனுபவத்திலிருந்து எழுதிக் கொடுத்தார். (1997 தேர்தலுக்கு முன்னால் இதே மேஜர் கூட்டத்தொடரைச் சீக்கிரம் முடித்து, எம்.பி.க்கள் பற்றிய ஒரு விசாரணை அறிக்கையைத் தள்ளிப்போட்டார் என்ற விமர்சனமும் உண்டு. இதில் யாரும் ரொம்ப வெள்ளை இல்லை.) ஐந்து வாரத்துக்கு நல்லதோ கெட்டதோ ஒரு காரணத்தை அரசாங்கம் எழுத்தில் வைத்திருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்பது இன்னும் ஓயாத விவாதம். என் பார்வையில், அரசாங்கத்தைத் தோற்கடித்ததில் பாதிப் பங்கு அந்த மௌனத்துக்கு.

இன்னொரு தடையும் இருந்தது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்கிறது 1689 உரிமைச் சட்டம். கூட்டத்தொடரை முடிக்கும் சடங்கு நடப்பது நாடாளுமன்றத்துக்குள்ளே தானே? நீதிபதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அது நாடாளுமன்றம் எடுத்த முடிவு இல்லை, வெளியிலிருந்து அதன் மேல் திணிக்கப்பட்டது என்றார்கள். அரசியாரின் பிரதிநிதிகள் வெறும் வெள்ளைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் வந்த மாதிரிதான் என்றும் சொன்னார்கள். தாளில் எதுவுமே இல்லை என்றால் கூட்டத்தொடர் முடியவே இல்லை. மறுநாளே அவை கூடியது. செத்துப்போன மசோதாக்கள் உயிரோடு வந்தன. அந்த அதிகாலைச் சடங்கில் ஒப்புதல் பெற்றிருந்த நாடாளுமன்றக் கட்டடப் புதுப்பிப்புச் சட்டத்துக்கு அக்டோபரில் மறுபடியும் முதலிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டியதாயிற்று.

தீர்ப்பை ஏற்காதவர்கள் சும்மா இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் மூத்த சட்டப் பேராசிரியர் ஜான் ஃபின்னிஸ், நீதிமன்றம் இல்லாத சட்டத்தை உருவாக்கி அரசியலுக்குள் புகுந்துவிட்டது என்று கடுமையாக எழுதினார். அவர் பக்கத்திலும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அந்த நாடாளுமன்றம் பல்லில்லாமல் இருக்கவில்லை. மூடப்படுவதற்கு முன் கிடைத்த சில நாட்களிலேயே, தேவைப்பட்டால் பிரதமர் வெளியேறும் கெடுவை நீட்டிக்கக் கேட்டே ஆகணும் என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. செப்டம்பர் 9 அன்று அதற்கு அரச ஒப்புதலும் கிடைத்தது. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த அவைக்கு நீதிமன்றம் எதுக்கு என்பது அவர்கள் கேள்வி.

ஜான்சன் தீர்ப்போடு உடன்படவில்லை என்றார், மதிப்பேன் என்றும் சொன்னார். பதவி விலகவில்லை. யாருக்கும் தண்டனை இல்லை. டிசம்பர் 12 தேர்தலில் 365 இடங்களை ஜெயித்து, 80 இடப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். நீதிமன்றத்தால் கதவைத் திறக்க முடிந்தது. கதவை மூடியவரை என்ன செய்வது என்பது அதன் வேலை இல்லை.

பிரதமரே நீதிபதி

அடுத்த மூன்று ஆண்டில் அதே பிரதமர் சிக்கிய விவகாரங்கள் வேறு வகை. அங்கே நீதிமன்றம் கிட்டத்தட்டக் காணோம்.

பிரிட்டனில் அமைச்சர்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு உண்டு. நாடாளுமன்றத்துக்கு உண்மை சொல்லணும், தெரிந்தே தவறான தகவல் தந்தால் பதவி விலகணும், ஊழியர்களை மிரட்டக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது சட்டம் இல்லை. வெளியிடுபவர் பிரதமர். மீறப்பட்டதா என்று முடிவு செய்பவர் பிரதமர். என்ன தண்டனை என்று சொல்பவரும் பிரதமர். விசாரித்துச் சொல்ல ஒரு ஆலோசகர் உண்டு. அவர் சொல்வது ஆலோசனை மட்டும்தான்.

2020 நவம்பரில் உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் மீதான புகாரை விசாரித்த ஆலோசகர் அலெக்ஸ் ஆலன், அவர் நடந்துகொண்ட விதம் மிரட்டலாகவே அமைந்தது, தெரியாமல் செய்திருந்தாலும் விதிமீறல்தான் என்றார். விதிமீறல் இல்லை என்றார் ஜான்சன். வேலையை விட்டுப் போனவர் அமைச்சர் இல்லை, ஆலோசகர். மூத்த அரசு ஊழியர்களின் தொழிற்சங்கம் இதைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போனது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம், மிரட்டல் என்ற சொல்லுக்குப் பிரதமர் என்ன பொருள் கொண்டார் என்பதைத் தாங்கள் ஆராயலாம் என்று சொல்லிவிட்டு, அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. கதவு கொஞ்சம் திறந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆலோசகர் கைட் பிரபுவும் 2022 ஜூனில் விலகினார்.

அப்புறம் பார்ட்டிகேட். கொவிட் கட்டுப்பாட்டில் நாடே வீட்டுக்குள் இருந்தபோது பிரதமர் அலுவலக வட்டாரத்தில் நடந்த கூட்டங்கள் பற்றிய விவகாரம். லண்டன் போலீஸ் 83 பேருக்கு 126 அபராத நோட்டீஸ் கொடுத்தது. நமக்கு வரும் சம்மன் மாதிரிதான். ஜான்சனுக்கும், அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனாக்குக்கும் ஆளுக்கு ஒன்று, 50 பவுண்ட். சட்டத்தை மீறியதற்குக் கணக்கு அதோடு முடிந்தது. பெரிய கேள்வி வேறு: விதிகள் பின்பற்றப்பட்டன என்று மக்களவையில் அவர் சொன்னாரே, அது?

அதை விசாரித்தது எம்.பி.க்கள் ஏழு பேர் கொண்ட சிறப்புரிமைக் குழு. அதில் நாலு பேர் ஜான்சனின் சொந்தக் கட்சி. 2023 ஜூன் 15இல் வந்த அறிக்கை, அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்றது. எம்.பி.யாக இருந்திருந்தால் 90 நாள் இடைநீக்கம் என்று பரிந்துரைத்திருப்போம் என்றும் சொன்னது. அறிக்கையை முன்கூட்டியே பார்த்த ஜான்சன், அதற்கு ஆறு நாள் முன்னாலேயே எம்.பி. பதவியை விடுவதாக அறிவித்திருந்தார். மக்களவை 354க்கு 7 என்ற வாக்கில் அறிக்கையை ஏற்றது.

ஆனால் அவர் பிரதமர் பதவியை இழந்தது இதனால்கூட இல்லை. அது 2022 ஜூலையில், கட்சிக் கொறடா ஒருவர் மீதான புகாரில் அவர் சொன்ன விளக்கங்கள் மாறிக்கொண்டே போனபோது, அரசாங்கத்தில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பதவி விலகியதால் நடந்தது. முன்னே சொன்ன அந்த மரியாதையும் சகாக்களும்தான் கடைசியில் வேலை செய்தது. ரொம்பத் தாமதமாக, வேறொரு காரணத்துக்காக.

ஆள் மாறினாலும் முறை மாறவில்லை. 2022 அக்டோபர் 19 அன்று உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன், அரசாங்க ஆவணத்தைச் சொந்த மின்னஞ்சலில் அனுப்பி நடத்தை விதியை மீறியதற்காகப் பதவி விலகினார். (அவருடைய தாயார் மொரிஷியஸ் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது.) ஆறே நாளில் புதுப் பிரதமர் சுனாக் அதே பதவியை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். விதியில் அதற்குத் தடை இல்லை, ஏன்னா விதி பிரதமருடையது.

இதே கேள்வி இங்கே வந்தபோது

மலேசியாவின் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஐவர் ஜென்னிங்ஸ். மரபு என்றால் என்ன என்பதற்கு மூன்று கேள்விகளை வைத்தவர் அவர்தான்: முன்னுதாரணம் இருக்கா? சம்பந்தப்பட்டவர்கள் அதைக் கட்டாயம் என்று நினைத்தார்களா? அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கா? பிரிட்டனில் மரபாக மட்டும் இருந்த சிலவற்றை இங்கே எழுதிவைத்தார்கள். பெரும்பான்மை நம்பிக்கையை இழந்த பிரதமர் விலகணும் என்பது 43ஆவது பிரிவில் இருக்கிறது. நாடாளுமன்றம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாமல் இருக்கக்கூடாது என்பது 55ஆவது பிரிவில் இருக்கிறது.

எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 2009 பேராக். மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் அணி மாறியதால் மந்திரி புசார் நிஸார் ஜமாலுடினுக்குப் பெரும்பான்மை போனதாகச் சொல்லப்பட்டது. சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லிக் கேட்டார், சுல்தான் மறுத்து, ஸாம்ப்ரி அப்துல் காதிரை நியமித்தார். நம்பிக்கை இழந்தால் விலகணும் என்று மாநில அரசியலமைப்பில் எழுதியிருந்தது. இழந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று எழுதவில்லை. சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தால்தானா, அல்லது வேறு வழியிலும் தெரிந்துகொள்ளலாமா? 1966இல் சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில், ஓட்டெடுப்பு வேணும் என்று தீர்ப்பு வந்திருந்தது. பேராக் வழக்கில் உயர் நீதிமன்றம் நிஸார் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸாம்ப்ரி பக்கம். 2010 பிப்ரவரி 9 அன்று கூட்டரசு நீதிமன்றம், வேறு வழியிலும் தெரிந்துகொள்ளலாம் என்று முடித்துவைத்தது. இரண்டு வரிக்கு நடுவில் எழுதாமல் விட்ட இடத்துக்குள்தான் மொத்த அரசாங்கமும் மாறியது.

ஆறு மாத வரம்புக்கும் விதிவிலக்கு உண்டு. 2021 ஜனவரியில் கொவிட் காரணமாக அவசரநிலை அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றக் கூட்டங்கள் நிறுத்தப்பட்டன. ஜூலை 26 அன்றுதான் மக்களவை மறுபடியும் கூடியது. அவசரநிலை அறிவிப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு நம்ம அரசியலமைப்பின் 150ஆவது பிரிவே தடை போடுகிறது.

பிரிட்டனில் இப்போது என்ன நிலைமை?

2022இல் வந்த ஒரு சட்டம், நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை மறுபடி மன்னரிடமே கொடுத்தது. அதாவது, நடைமுறையில் பிரதமரிடம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது பற்றி எந்த நீதிமன்றமும், அதன் எல்லை பற்றிக்கூட, கேள்வி கேட்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். 2019 தீர்ப்பை மனசில் வைத்துத்தான் அந்த வரி எழுதப்பட்டது என்பது சட்ட வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது கலைப்புக்கு மட்டும். கூட்டத்தொடரை முடித்துவைப்பதை அது தொடவில்லை. நாளைக்கு இன்னொரு பிரதமர் ஐந்து வாரம் மூடினால், 2019 தீர்ப்பு அப்படியே பாயும்.

நடத்தை விதியில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் கியர் ஸ்டார்மர் வெளியிட்ட புதிய தொகுப்பின்படி, ஆலோசகர் பிரதமரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் தானே விசாரணையைத் தொடங்கலாம். 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர், தான் வாங்கிய வீட்டுக்கு முத்திரை வரி குறைவாகக் கட்டிய விவகாரத்தில் தானாகவே ஆலோசகர் லாரி மேக்னஸிடம் போனார். அவர் நேர்மையாக நடந்துகொண்டார், ஆனாலும் நிபுணரிடம் வரி ஆலோசனை கேட்காமல் விட்டது விதிமீறல் என்று ஆலோசகர் சொன்னதும் பதவி விலகினார். முறை வேலை செய்தது என்று சொல்பவர்கள் இதைக் காட்டுகிறார்கள்.

ஆலோசகரின் முடிவை ஏற்பதா வேண்டாமா, ஏற்றால் என்ன தண்டனை என்று சொல்லும் கடைசி வார்த்தை இன்னும் பிரதமரிடம்தான் இருக்கிறது. விசாரிக்கப்படுபவர் பிரதமராகவே இருந்தாலும்.